பின்பக்கமாக மலையேறிய செவலை

மழை விட்டுவிட்டதோ என்று தோன்றியது. ஆனால் காரின் கித்தான் கூரையில் சத்தம் குறையவில்லை. நான் பின் இருக்கையில் உட்கார்ந்திருந்தேன். வலது கையில் கடிகாரம். இடது கையில் போட்டி நடத்துகிறவர்கள் கொடுத்த வழிக் காகிதம். ஈரம் பட்டு அதன் ஓரம் கூழாகிக்கொண்டிருந்தது.

ஓட்டிக்கொண்டிருந்த சின்ன துரை திடீரென்று சடக்கு என்று நாங்கள் சொல்லும் சாலையின் ஓரத்தில் வண்டியை நிறுத்தினார். எங்கள் தோட்டத்து உதவி நிர்வாகி அவர். எல்லோருக்கும் சின்ன துரை. அவர் பற்கள் கிடுகிடுத்தன.

"சவரி, குளிருது" என்றார்.

அடுத்த கணம் அவர் தலை ஸ்டியரிங்கின் மேல் விழுந்தது. ஹாரன் அலறத் தொடங்கியது. முன்னால் பக்கத்தில் இருந்த என் வீட்டுக்காரர் சவரிமுத்து அந்தத் தலையைத் தூக்கிப் பிடிக்கும்வரை அது நிற்கவில்லை.

"நெருப்பா கொதிக்குது. கதவத் தொற, திரேசா."

இருவருமாக அவரை இழுத்து என் பக்கத்தில் கிடத்தினோம். ஆறடிக்கு மேல் வளர்ந்த வெள்ளைக்காரரின் தலை என் தோளில் சாய்ந்தது. நான் நகரவும் முடியவில்லை, நகராமல் இருக்கவும் கூச்சமாக இருந்தது. என் வீட்டுக்காரர் ஒரு நிமிடம் மழையைப் பார்த்தார். பிறகு துரையின் மழைக்கோட்டை மாட்டினார். தொப்பியையும் வைத்துக்கொண்டார். ஸ்டியரிங்கில் உட்கார்ந்தார்.

"மணி என்ன?"

சொன்னேன்.

"இன்னும் மலை இருக்குல்ல? ஏறிரலாமா?"

அதை யாரிடம் கேட்டார் என்று அன்றும் தெரியவில்லை, இன்றும் தெரியவில்லை. என்னிடமா, மயங்கிக் கிடந்த துரையிடமா, வண்டியிடமா?

செவலை வந்த விதம்

மலாயாவில் லாயாங் லாயாங் ஸ்டேஷனிலிருந்து ஒரு மணி நேரம் நடந்தால் எங்கள் தோட்டம் வரும். ரப்பர் பாலை உறையவைத்துத் தகடாக்கும் ஸ்தோரில் என் வீட்டுக்காரர் எஞ்சின் பார்க்கிற பிட்டர். அந்தப் பெரிய எஞ்சின் அவர் சொன்னால்தான் ஓடும், அவர் சொன்னால்தான் நிற்கும். இங்கிலீஷ் ஓர் எழுத்து தெரியாது. நான் ஜோகூர் பாருவில் கன்னிகாஸ்திரிகளிடம் படித்தவள். ஆஸ்பத்திரி டிரெசர் மகளை ஒரு பிட்டருக்குக் கொடுத்தார்களே என்று என் சொந்தக்காரர்களுக்கு ரொம்ப நாள் குறை.

சின்ன துரை வந்து ஓராண்டு இருக்கும். தமிழைப் பாதி புத்தகத்திலும் பாதி கங்காணியிடமும் கற்றவர். அதனால் "சவரி, வண்டி சௌக்கியமாக இருக்கிறதா? அப்புறம் ஏன்டா சத்தம் போடுது?" என்று ஒரே மூச்சில் இரண்டு தமிழும் வரும். யாரும் சிரித்துவிடக் கூடாதே என்று எல்லோரும் தரையைப் பார்ப்போம்.

ஊருக்குத் திரும்பிப் போன வேறொரு துரையிடம் அவர் ஒரு பழைய காரை வாங்கினார். செங்காவி நிறம். வந்த அன்றே தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லயத்துப் பிள்ளைகள் அதற்குச் செவலை என்று பேர் வைத்துவிட்டார்கள். மாட்டுக்கு வைக்கிற பேர்தான்.

வாங்கிய மறுவாரமே இருவரும் அதைப் பிரித்துப் போட்டார்கள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. நன்றாக ஓடிக்கொண்டிருந்த வண்டி!

"எதுக்குங்க பிரிக்கிறீங்க?"

"கனம் குறையணும்."

சக்கரத்தை மூடியிருந்த தகடுகளை வெட்டினார்கள். பின்பக்கத்துத் தகரக் கூட்டையே கழற்றிவிட்டு, ரப்பர் தகடு அனுப்புகிற பலகைப் பெட்டிகளை உடைத்து மரக் கூடு ஒன்று அடித்தார்கள். மறு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்தால் பின்னால் இரண்டு மணல் மூட்டை கிடக்கிறது.

"இது எதுக்கு?"

"கனம் வேணும். இல்லாட்டி பின் சக்கரம் சேத்துல சுத்திக்கிட்டே நிக்கும்."

கனம் வேண்டுமா, வேண்டாமா? கேட்டால் சிரிப்பார். வண்டியில் குறைய வேண்டும், பின் சக்கரத்துக்கு மேல் மட்டும் கூட வேண்டும் என்பது எனக்குப் புரிய வெகு நாளாயிற்று. தோட்டத்து லாரியின் வில் பட்டைகளில் இரண்டை எடுத்துச் செவலையின் அடியில் சேர்த்தார்கள். வண்டி ஒரு சாண் உயர்ந்து நின்றது. புடவை கட்டிக்கொண்டு அதில் ஏறுவது எவ்வளவு சிரமம் என்று அப்போது நான் யோசிக்கவில்லை. நான் ஏற வேண்டி வரும் என்று யாருக்குத் தெரியும்?

முதலில் வந்தவர்களுக்குத் தோல்வி

ஜோகூரில் இருந்த மோட்டார்காரர்கள் ஒரு சங்கம் வைத்திருந்தார்கள். தோட்டத்துத் துரைமார், சில அதிகாரிகள், வசதியுள்ள சீனர் இரண்டொருவர். வருஷத்துக்கு ஒரு தடவை போட்டி. செம்மண் பாதை, ஆறு, மேடு எல்லாவற்றிலும் ஒரு நாள் முழுக்க ஓட்ட வேண்டும். வழியில் அங்கங்கே மேசை போட்டு ஆட்கள் உட்கார்ந்திருப்பார்கள்.

முதல் தடவை துரை ஓட்ட, என் வீட்டுக்காரர் பக்கத்தில் இருக்க, ஆபீஸ் குமாஸ்தாவான கிராணி பின்னால் உட்கார்ந்தார். வண்டியில் மூன்று பேர் இருந்தே ஆக வேண்டும் என்பது விதி. செவலை எல்லோருக்கும் முன்னால் வந்து சேர்ந்தது. மாலையில் தோட்டத்துக்குத் திரும்பியபோது தப்படித்து வரவேற்றோம். மூவர் முகத்திலும் ஈயாடவில்லை.

"ஜெயிச்சீங்களா?"

"இல்ல. கடைசி."

"முதல்ல வந்தீங்கன்னு சொன்னாங்களே!"

"முதல்ல வந்ததாலதான் கடைசி."

அது வேகப் போட்டி அல்லவாம். இத்தனை மணிக்கு இந்த மேசை என்று காகிதத்தில் எழுதியிருக்கும். முந்தினாலும் குற்றம், பிந்தினாலும் குற்றம். காகிதத்தை வாசித்த கிராணிக்கு அது புரியவில்லை. ஓட்டிய துரை வாசிக்கவேயில்லை. அன்று தோட்டத்தில் யாருக்கும் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. தப்பு அடித்தவர்கள் மட்டும் நிறுத்தாமல் அடித்துக்கொண்டிருந்தார்கள்.

பொந்தியான் சடக்கில் கடல் தண்ணீர்

இரண்டாவது தடவை பொந்தியான் பக்கம். கடல் பொங்கி, உப்புத் தண்ணீர் சடக்கின் மேல் முழங்கால் அளவு நின்றது. செவலை தண்ணீரில் இறங்கியதும் எஞ்சினுக்கு முன்னால் சுற்றுகிற விசிறி, தண்ணீரை வாரி எஞ்சின்மேல் இறைத்தது. நெருப்புப் பொறி கொடுக்கிற மாக்னெட்டோ நனைந்துபோய் வண்டி நடுவிலேயே நின்றுவிட்டது. பக்கத்துக் கம்பத்து, அதாவது மலாய்க் கிராமத்து, ஆட்கள் எருமை கட்டி இழுத்துக் கரை சேர்த்தார்கள்.

என் வீட்டுக்காரர் அந்தத் தோல்வியை ஆறு மாதம் மனதில் வைத்துச் சுற்றினார். கடைசியில் ஸ்தோரிலிருந்தே மருந்து கண்டுபிடித்தார். எங்கள் தோட்டத்து ரப்பரிலேயே மாக்னெட்டோவுக்கு ஒரு தொப்பி செய்தார். தண்ணீரைக் கண்டால் விசிறியின் வாரைக் கழற்றிவிடுவது, கரையேறியதும் மாட்டுவது என்று பழகினார். ஸ்தோருக்குப் பின்னால் குளம் வெட்டிச் செவலையை அதில் இறக்கி ஏற்றிக்கொண்டிருப்பார். தோட்டத்து நிர்வாகியான பெரிய துரை ஒருநாள் வந்து பார்த்துவிட்டுத் தலையை ஆட்டிக்கொண்டே போனார்.

மூன்றாவது போட்டி நெருங்கியபோது கிராணி வர மறுத்துவிட்டார். உப்புத் தண்ணீரில் இடுப்பளவு நின்றது அவருக்குப் போதுமாம். காகிதம் வாசிக்க ஆளில்லை.

"உன் சம்சாரம் இங்கிலீஷ் படிக்கும் அல்லவா?" என்று சின்ன துரை கேட்டிருக்கிறார்.

நான் முடியாது என்றுதான் சொன்னேன். அப்புறம் எப்படி ஒத்துக்கொண்டேன் என்று யோசித்துப் பார்க்கிறேன், தெரியவில்லை. கிராணி வீட்டம்மா வாய்க்கு வந்ததைப் பேசினாள். அதற்காகவே ஒத்துக்கொண்டேனோ என்னவோ.

இங்கே கடிகாரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. எங்களுக்கு மூன்று நேரம் இருந்தது. ஸ்டேஷன் நேரம் ஒன்று. தோட்டத்து மணி அதற்கு முன்னால் ஓடும். ஆட்களைச் சீக்கிரம் எழுப்புவதற்காகத் தள்ளி வைத்திருந்தார்கள். கோயில் பூசை இரண்டுக்கும் நடுவில் ஒரு நேரத்தில் நடக்கும். அதனால் போட்டியன்று காலை ஜோகூர் பாருவில் மேசைக்காரரிடம் போய், "இப்ப உங்க நேரம் என்னங்க ஐயா?" என்று இங்கிலீஷில் கேட்டுக் கடிகாரத்தைத் திருத்தி வைத்தேன். அவர் என் புடவையையும் செவலையையும் மாறி மாறிப் பார்த்தார்.

நான்கு மேசை தாண்டினோம். நான்கிலும் எங்களுக்கு ஒரு நிமிடம்கூடப் பிசகவில்லை. அப்புறம்தான் துரைக்குக் குளிர் கண்டது.

மலை

இப்போது பண்டார் தெங்காரா என்கிறார்களே, அந்தப் பக்கம் அப்போது பெருங்காடு. காட்டை ஒட்டி ஒரு செம்மண் ஏற்றம். அதை நிற்காமல் ஏற வேண்டும். நின்றால் குற்றம், வழுக்கினால் குற்றம். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது இரண்டு கார்கள் பள்ளத்தில் சாய்ந்து கிடந்தன. மேலே அத்தாப்பு ஓலைக் கொட்டகைக்குள் இரண்டு வெள்ளைக்காரர்கள் மழைக்கு ஒதுங்கி நின்று எழுதிக்கொண்டிருந்தார்கள்.

என் வீட்டுக்காரர் அடிவாரத்தில் வண்டியைத் திருப்பினார்.

"என்னங்க, திரும்பிப் போறோமா?"

"இல்ல. பின்னாலயே ஏத்தப்போறேன்."

முன்னால் போகும் கியரைவிடப் பின்னால் போகும் கியருக்கு இழுப்பு அதிகம் என்றார். பெட்ரோல் டாங்கி முன் இருக்கைக்கு அடியில் இருக்கிறதாம். செங்குத்தில் மூக்கைத் தூக்கினால் எஞ்சினுக்கு பெட்ரோல் இறங்காதாம். இதையெல்லாம் சொல்லும்போதே பின் சக்கரங்களில் கயிறு சுற்றிக்கொண்டிருந்தார்.

போட்டியின் விதிகளில் ஒன்று: பெயர் கொடுத்த ஓட்டுநரே தொடங்கி முடிக்க வேண்டும். நான் அதைப் படித்திருந்தேன். முந்திய வாரம் வீட்டில் விதிகளையெல்லாம் அவருக்குத் தமிழில் வாசித்தும் காட்டினேன். இந்த விதியை வாசித்தேனா, தாண்டிப் போனேனா? எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்துவிட்டேன். அந்த இடம் மட்டும் வெறுமையாக இருக்கிறது. மலையடியில் நான் அதைச் சொல்லவில்லை என்பது மட்டும் நிச்சயம்.

செவலை உறுமிக்கொண்டு பின்பக்கமாக ஏறியது. பின்னால் பார்த்து ஓட்ட வேண்டியிருந்ததால் அவர் முகம் முழுக்க எங்கள் பக்கம் திரும்பியிருந்தது. கல்யாணமாகி நான்கு வருஷத்தில் அவர் முகத்தை அவ்வளவு நேரம் நேருக்கு நேராக நான் பார்த்ததில்லை. துரையின் தொப்பி அவர் நெற்றியை மறைத்து இறங்கியிருந்தது. கண்ணைக் கொட்டவில்லை.

துரை தூங்கிவிடக் கூடாதென்றோ என்னவோ, என் வீட்டுக்காரர் விடாமல் பேசிக்கொண்டே வந்தார்.

"இப்ப எடது பக்கம் ஒடிக்கிறேன் துரை, சரிதானே?"

"சரி" என்று முனகினார் துரை.

"வேர் ஒன்னு இருக்கு. மேல ஏத்தட்டுமா?"

"ஏத்து, ஏத்து."

"விடமாட்டேன் துரை. இன்னும் கொஞ்சம்தான்."

பாதி வழியில் வண்டி பக்கவாட்டில் நகர்ந்தது. சேறு என் வாய்க்குள் வந்தது. நான் கண்ணை மூடி மாதாவை அழைத்தேன். திறந்தபோது கொட்டகை எங்களுக்குக் கீழே தெரிந்தது. அதற்குள்ளிருந்து ஒருவர் எங்களைப் பார்த்துக் கையை உயர்த்தினார். என் வீட்டுக்காரரும் தொப்பியைத் தொட்டுத் தலையசைத்தார்.

மழைக்காகத்தான் அந்தத் தொப்பியை வைத்தாரா? கேட்கலாம் என்று நினைத்துக் கேட்காமலே விட்டேன்.

கூலாயில் சீனர் காப்பிக்கடை ஒன்றில் நிறுத்திக் துரைக்குக் கொய்னா என்ற காய்ச்சல் மருந்தும் கறுப்புக் காப்பியும் கொடுத்தோம். வேர்த்துக் கொட்டியது. துரை எழுந்து உட்கார்ந்தார். ஒன்றுமே நடக்காததுபோல் மழைக்கோட்டையும் தொப்பியையும் எடுத்து மாட்டிக்கொண்டு ஸ்டியரிங்கில் போய் உட்கார்ந்தார்.

"மலை நன்றாக ஏறினேன், இல்லையா சவரி?"

என் வீட்டுக்காரர் என்னைப் பார்க்கவில்லை.

"நல்லா ஏறுச்சு துரை" என்றார்.

கோப்பை

அன்று அந்த மலையை நிற்காமல் ஏறியவை இரண்டே வண்டிகள். அதில் நேரமும் தவறாதது செவலை ஒன்றுதான். ஜோகூர் பாரு திடலில் வைத்து வெள்ளிக் கோப்பையைச் சின்ன துரையிடம் கொடுத்தார்கள்.

தோட்டத்துக்கு வந்ததும் காலையில் ஆட்களைப் பேர் கூப்பிடும் பெரட்டுக் களத்தில் மேசை போட்டுக் கோப்பையை வைத்தார். ஆட்கள் எல்லோரும் கூடி நின்றார்கள். மலையேறிய கதையைத் தமிழில் சொன்னார். இடது பக்கம் ஒடித்தது, வேரின் மேல் ஏற்றியது, வண்டி நழுவியது எல்லாம் அப்படியே சொன்னார். ஒரு சொல்கூடப் பொய்யில்லை, ஓட்டியது யார் என்பதைத் தவிர. சொல்லும்போது அவர் கண் கலங்கியது. நடிக்கிறவர் முகம் அப்படி இருக்காது. அவர் முழு மனதாக நம்பினார்.

கேட்கக் கேட்க எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. நான் கண்ணை மூடியிருந்த நேரத்தில் என்ன நடந்ததென்று எனக்கு எப்படித் தெரியும்?

வீட்டுக்கு வந்து, "ஏங்க ஒன்னும் சொல்லல?" என்றேன்.

"என்ன சொல்லணும்?"

"ஓட்டுனது நீங்கதானே?"

"ஜெயிச்சது செவலைதானே" என்று சொல்லிவிட்டுச் சோறு போடச் சொன்னார். நன்றாகச் சாப்பிட்டார். எனக்குத்தான் இறங்கவில்லை.

லாயாங் லாயாங் ஸ்டேஷனில்

பிறகு ரப்பர் விலை விழுந்தது. பால்வெட்டைப் பாதியாகக் குறைத்தார்கள். லயம் லயமாகச் சனங்களை நாகப்பட்டினத்துக்குக் கப்பல் ஏற்றினார்கள். துரைமாரையும் விடவில்லை. முதலில் போனவர் எங்கள் சின்ன துரை.

அவரை வழியனுப்ப ஸ்டேஷனுக்குப் போனோம். ரயில் வரச் சற்று நேரம் இருந்தது. "செவலை உனக்கு. வண்டிக் காகிதம் கிராணியிடம் இருக்கிறது" என்று என் வீட்டுக்காரரிடம் சொன்னார். அப்புறம் தண்டவாளத்தைப் பார்த்தபடியே பேசினார்.

"சவரி, ஒரு விஷயம். அந்த மலை ஞாபகம் வரும்போதெல்லாம் உன் முகம் வருது. தொப்பி போட்ட முகம். எனக்கு எதிரே. நான் ஓட்டியிருந்தால் உன் முகம் எனக்கு எதிரே எப்படி வரும்?"

"காய்ச்சல்ல அப்படித் தோணும் துரை. நீங்கதான் ஓட்டுனீங்க."

துரை என் பக்கம் திரும்பினார். "அம்மா, நீ சொல்லு."

அவர் அதுவரை என்னை அம்மா என்று அழைத்ததில்லை. என் வீட்டுக்காரர் எனக்கு மட்டும் தெரியும்படி தலையை அசைத்தார். வேண்டாம் என்று அர்த்தம். அது எனக்குத் தெளிவாகத் தெரிந்தது.

"இவருதான் ஓட்டுனாரு, துரை. கூலாய் வரைக்கும் இவருதான்" என்றேன்.

சின்ன துரையின் முகம் வெளுத்துச் சிவந்தது. பிறகு என் வீட்டுக்காரரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். ரயில் வந்தது. ஏறும்போது, "நன்றி" என்றார். யாருக்குச் சொன்னார் என்று தெரியவில்லை.

மூன்று வாரம் கழித்துக் கிராணி இங்கிலீஷ் பத்திரிகை ஒன்றை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். சின்ன துரை சிங்கப்பூரில் கப்பல் ஏறும் முன் கோப்பையைச் சங்கத்துக்குத் திருப்பி அனுப்பிவிட்டார். நடுவில் ஓட்டியவர் வேறு ஆள் என்று கடிதமும் எழுதியிருக்கிறார். விதிப்படி எங்கள் வண்டியின் வெற்றியை அடித்துவிட்டார்கள். கோப்பை இரண்டாவது வந்தவருக்குப் போயிற்று. வேறு ஆள் யார் என்று பத்திரிகையில் போடவில்லை.

கிராணி போன பிறகு என் வீட்டுக்காரர் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். கை கழுவியும் போகாத எண்ணெய்க் கறையைத் துணியால் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"நீ யாருக்காகச் சொன்னே?"

"உங்களுக்காகத்தான்."

"நான் கேட்டேனா?"

"உங்க பேரு வரணும்னு..."

"பேரு எங்க வந்துச்சு? மூனு வருஷம் அந்த வண்டிய பிரிச்சுப் பிரிச்சுப் பூட்டுனேன். ஒரே ஒரு தடவை ஜெயிச்சுச்சு. கோப்பை துரை வீட்டுல இருந்தா என்ன, ஜெயிச்சது நாந்தான்னு எனக்குத் தெரியும். அது ஒன்னுதான் இருந்துச்சு. இப்ப அதுவும் இல்ல."

பதினோரு நாள் என்னோடு பேசவில்லை. கோபத்தில் தட்டை எறிகிற ஆளாக இருந்தால் எனக்குப் புரிந்திருக்கும். அவர் கூப்பிட்டால் வந்தார், போட்டதைச் சாப்பிட்டார், போனார். நான் சொன்னது உண்மை. உண்மை சொன்னதற்காக நான் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். சாமியாரும் குழம்பித்தான் போனார். இதில் என்ன பாவம் என்று அவர் கேட்டார்.

பொந்தியான்

பெரிய துரை ஸ்தோர் எஞ்சினை நிறுத்தச் சொன்ன நாளில் எங்கள் வேலையும் நின்றது. கப்பலேறுகிறாயா என்று கேட்டார்கள். அவர் தோட்டத்திலேயே பிறந்தவர். அக்கரையில் எங்களுக்கு யாருமில்லை. பாத்திரம் பண்டத்தை மணல் மூட்டை இருந்த இடத்தில் ஏற்றிக்கொண்டு செவலையில் கிளம்பினோம். பொந்தியானில் புதிதாக பஸ் விடுகிற ஒரு தவுக்கே, சீன முதலாளி, ஆள் தேடுகிறார் என்று கேள்வி.

போகிற வழியில்தான், பன்னிரண்டாம் நாள், என்னிடம் பேசினார். "வார் கழட்டணும், இறங்கிப் புடி" என்றார். சடக்கில் கடல் தண்ணீர் நின்றது. நான் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினேன். அந்தத் தடவை செவலை நிற்கவில்லை.

தவுக்கே குண்டான மனிதர். பனியனோடு கொட்டகை வாசலில் நின்று, உயர்ந்து நிற்கும் எங்கள் வண்டியையும், அதன் மரக் கூட்டையும், ரப்பர்த் தொப்பியையும் குனிந்து குனிந்து பார்த்தார். யார் செய்தது என்று மலாயில் கேட்டார். நான்தான் என்றார் என் வீட்டுக்காரர். ஓட்டவும் தெரியுமா? தெரியும். போட்டிக்கான வண்டி மாதிரி இருக்கிறதே?

"இது போட்டி வண்டிதான்" என்றார்.

தவுக்கே நிமிர்ந்து அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"பெர்னா மெனாங்?" ஜெயித்திருக்கிறாயா என்றுதான் கேட்டார்.

என் வீட்டுக்காரர் வண்டிக்குள் உட்கார்ந்திருந்த என்னைத் திரும்பிப் பார்த்தார். மலையில் நான் பார்த்த அதே முகம் இல்லை அது. கோபமும் இல்லை, சிரிப்பும் இல்லை. முப்பது வருஷம் அவரோடு வாழ்ந்தும் அந்தப் பார்வை என்ன சொல்லிற்று என்று எனக்குத் தெரியாது.

பிறகு தவுக்கே பக்கம் திரும்பினார். கொட்டகைக்குள் வேலை செய்துகொண்டிருந்தவர்களுக்கும் கேட்கிற மாதிரி உரக்கச் சொன்னார்.

"பெர்னா. செகாலி." ஆமாம், ஒரு தடவை.